பத்து எலெக்ட்ரான் அயனிகளும் குடிநீரில் ஃபுளோரைடும்

ஓர் அணுவின் இரசாயனக் குணங்களை நிர்ணயிப்பவை அதன் எலெக்ட்ரான்களே என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் இக்கூற்றை மட்டும் மனத்திற்கொண்ட மாணவன், எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒத்த பொருள்கள் எல்லா வகையிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்வானாயின் அது தவறாகும். விளம்பர விளக்குக் குழாயிலுள்ள நியான் அணுவிலும், சமையல் உப்பிலுள்ள சோடியம் அயனியிலும், பற்பசையில் சேர்க்கப்படும் ஃபுளோரைடு அயனியிலும், படிகாரத்திலுள்ள அலுமினிய அயனியிலும் எலெக்ட்ரான்கள் பத்துப் பத்தே உள்ளன. இவை நான்கும் ஒன்றல்ல என்பதை எவரும் அறிவர். எனினும் இக்குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு அயனிகள் மட்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று சென்று அமரும் இயல்புடையவை. அவ்வாறு அமர்வதனாலேயே நம் நாட்டின் பல மாவட்டங்களில் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுகிறது; அதைப் பருகும் மக்களின் பற்களும் எலும்புகளும் கெடுகின்றன. வகுப்பறையில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும், சிற்றூர்களில் நீர்மாதிரி எடுத்துச் சோதிக்கும் களப்பணியாளருக்கும் ஒருங்கே பயன்படத்தக்க செய்தி இது.

எண்ணும் முறை

அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. அதிலுள்ள ஒவ்வொரு புரோட்டானும் ஓர் அலகு நேர் மின்னூட்டம் உடையது. கருவைச் சூழ்ந்துள்ள ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஓர் அலகு எதிர் மின்னூட்டம் உடையது. அணு இன்ன தனிமத்தைச் சேர்ந்தது என்பதை அறுதியிடுவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே. இதனை 1913-ஆம் ஆண்டில் மோஸ்லி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி எக்ஸ்-கதிர் நிறமாலைகளின் வாயிலாக நிலைநாட்டினார். எலெக்ட்ரான்களோ வரவும் போகவும் கூடியவை. அவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ இழந்த அணு நேர் அயனி ஆகிறது. மிகுதியாகப் பெற்ற அணு எதிர் அயனி ஆகிறது.

சோடியம் அணுவில் 11 எலெக்ட்ரான்கள் உள்ளன. ஒன்றை இழந்தால் பத்து. மக்னீசியம் 12-இல் இரண்டை இழக்கும். அலுமினியம் 13-இல் மூன்றை இழக்கும். மறுபுறம், ஃப்ளோரின் தன் 9-உடன் ஒன்றைப் பெற்றுக் கொள்ளும். ஆக்ஸிஜன் தன் 8-உடன் இரண்டைப் பெற்றுக் கொள்ளும். எல்லாம் பத்தில் வந்து நிற்கின்றன. இரசாயன வினைகளில் ஈடுபடாத மந்த வாயுவாகிய நியானின் எண்ணிக்கையும் பத்தே. தனிமங்கள் அயனியாகும்போது அடுத்துள்ள மந்த வாயுவின் எலெக்ட்ரான் அமைப்பை எய்துகின்றன என்பதை ஜெர்மானியராகிய கோஸல் 1916-இல் எடுத்துக் காட்டினார்.

இவ்வாறு எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒத்துள்ள அணுக்களையும் அயனிகளையும் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. அயல்மொழிச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து எழுதுவாரும் உளர். இக்கட்டுரையில் 'சம எலெக்ட்ரான் இனங்கள்' என்ற தொடர் ஆளப்படுகிறது. பொருள் விளங்குமாயின் சொல்லைப் பற்றி வழக்காடத் தேவையில்லை.

பருமனில் வேற்றுமை

எண்ணிக்கை ஒன்றாயினும் பருமன் ஒன்றன்று. படிகங்களில் அளந்து கண்ட அயனி ஆரங்கள் பின்வருமாறு அமைந்துள்ளன. இங்கு அளவை ஆங்ஸ்ட்ராம். அதாவது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

ஆக்ஸைடு அயனி: புரோட்டான் 8, ஆரம் 1.40
ஃபுளோரைடு அயனி: புரோட்டான் 9, ஆரம் 1.33
சோடியம் அயனி: புரோட்டான் 11, ஆரம் 1.02
மக்னீசியம் அயனி: புரோட்டான் 12, ஆரம் 0.72
அலுமினிய அயனி: புரோட்டான் 13, ஆரம் 0.54

பட்டியலில் கீழே செல்லச் செல்ல அயனி சுருங்குகிறது. எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறாதிருக்க, அவற்றை உள்ளிழுக்கும் புரோட்டான்கள் மட்டும் பெருகுவதே காரணம். சூடடிக்கும் களத்தில் நடுக்கம்பத்தைச் சுற்றிவரும் மாடுகளை ஆசிரியர் உவமையாகக் கூறலாம். மாடுகள் எத்தனை என்பது மாறாவிடினும், கயிற்றைச் சுருக்கிக் கட்டினால் அவை சுற்றும் வட்டம் குறுகும். (எலெக்ட்ரான்கள் மாடுகளைப் போல் வகுத்த பாதையில் சுற்றுவன அல்ல என்பதையும் உடனே கூறிவிடுதல் நலம். உவமை ஒரு கருத்தை விளக்கியதும் அதனைக் களத்திலேயே விட்டுவிட வேண்டும்.)

கயிறு எவ்வளவு இறுகுகிறது என்பதை வேறு வழியிலும் அளக்கலாம். இவ்வினங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆற்றல், ஃபுளோரைடு அயனிக்கு 3.4 எலெக்ட்ரான்-வோல்ட், நியானுக்கு 21.6, சோடியம் அயனிக்கு 47.3, மக்னீசியம் அயனிக்கு 80.1, அலுமினிய அயனிக்கு 120.0 ஆகும். பத்தே எலெக்ட்ரான்கள், ஆனால் முதலாவதற்கும் கடைசியானதற்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு வேற்றுமை.

ஒற்றுமைக்கும் சான்று உண்டு. அது ஒளியின் வாயிலாகக் கிடைப்பது. பொட்டாசியம் அணுவில் 19 எலெக்ட்ரான்கள். ஒன்றை இழந்த கால்சியம் அயனியிலும் 19. பொட்டாசியத்தின் நிறமாலையில் முதன்மையாக விளங்குவது 7665, 7699 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள இரட்டைக் கோடு. கால்சியம் அயனியிலும் அதே பாங்கான இரட்டைக் கோடு தோன்றுகிறது. ஆனால் அதன் கருவில் ஒரு புரோட்டான் மிகுதியாதலால், கோடுகள் சிவப்புக் கோடியிலிருந்து ஊதாக் கோடிக்கு நகர்ந்து 3934, 3968 ஆங்ஸ்ட்ராமில் அமைகின்றன. சூரியனின் மேல் வாயுமண்டலத்தில் இக்கோடுகள் வலிமையுடன் தோன்றுவதற்குக் காரணம் அங்குள்ள வெப்பமும் குறைந்த அழுத்தமும் கால்சியத்தை அயனியாக்கி வைத்திருப்பதே என்று மேகநாத சாகா 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில் நெடுங்காலமாகச் சூரியப் படங்கள் எடுக்கப்படுவது இவ்விரு கோடுகளுள் ஒன்றின் ஒளியிலேயாகும்.

புரோட்டான்களும் ஒத்திருந்தால்?

இதுவரை கண்டவற்றில் எலெக்ட்ரான்கள் ஒத்திருந்தன; புரோட்டான்கள் ஒத்திருக்கவில்லை. இரண்டின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் நிலை என்ன? ஒரே அணுவில் இது இயலாது. ஏனெனில் இரண்டும் ஒத்தால் அது அதே தனிமமாகிவிடும். அணுக்கள் கூடிய மூலக்கூறுகளில் இயலும். நைட்ரஜன் மூலக்கூறில் ஏழு புரோட்டான்கள் உள்ள கருக்கள் இரண்டு. கார்பன் மோனாக்ஸைடில் ஆறு உள்ளது ஒன்று, எட்டு உள்ளது ஒன்று. இரண்டிலும் மொத்தப் புரோட்டான்கள் 14, எலெக்ட்ரான்களும் 14. திரவ நைட்ரஜன் சுழியத்திற்குக் கீழே 195.8 பாகை சென்டிகிரேடிலும், திரவக் கார்பன் மோனாக்ஸைடு 191.5 பாகையிலும் கொதிக்கின்றன. இரண்டும் நிறமற்றவை, மணமற்றவை. எடையும் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்க விஞ்ஞானி லாங்மூர் 1919-இல் இத்தகைய இணைகளை வகைப்படுத்தினார்.

எனினும் நைட்ரஜனை நாம் ஓயாது சுவாசிக்கிறோம். கார்பன் மோனாக்ஸைடோ இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு உயிரைப் போக்குகிறது. புரோட்டான்களைப் பங்கிட்ட விதத்தில் உள்ள சிறு வேற்றுமை, அம்மூலக்கூறின் கார்பன் முனைக்கு இரும்பைப் பற்றும் திறனை அளித்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை ஒற்றுமை எவ்வளவு நெருங்கியதாயினும் அதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

ஃபுளோரைடும் ஹைட்ராக்சிலும்

இப்போது பத்து எலெக்ட்ரான் குடும்பத்திற்குத் திரும்பலாம். அக்குடும்பத்தில் தனி அணு அயனிகள் மட்டுமன்றி அணுக்கூட்டங்களும் உள்ளன. நீர் மூலக்கூறிலும் பத்து. அம்மோனியம் அயனியிலும் பத்து. ஆக்ஸிஜன் ஒன்றும் ஹைட்ரஜன் ஒன்றும் சேர்ந்து எதிர் மின்னூட்டம் ஒன்றைப் பெற்ற ஹைட்ராக்சில் அயனியிலும் எட்டும் ஒன்றும் ஒன்றுமாகப் பத்து எலெக்ட்ரான்கள். அதன் புரோட்டான்கள் எட்டும் ஒன்றும் ஒன்பது. ஃபுளோரைடு அயனியிலும் புரோட்டான்கள் ஒன்பதே. வேற்றுமை ஒன்றுதான். ஃபுளோரைடில் ஒன்பதும் ஒரே கருவில் அடங்கியுள்ளன. ஹைட்ராக்சிலில் ஒரு புரோட்டான் மட்டும் கருவை விட்டு விலகி எலெக்ட்ரான் முகிலினுள் ஓர் ஓரத்தில் நிற்கிறது. இத்தகைய ஒப்புமையை ஜெர்மானியராகிய கிரிம் 1925-இல் ஒரு விதியாகவே வகுத்தார்.

திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்போர் ஒரு பொருத்தத்தோடு நிற்பதில்லை. படிகத்தில் ஓர் அயனியின் இடத்தை மற்றொன்று கொள்வதற்கும் அவ்வாறே. மின்னூட்டம் ஒத்திருக்க வேண்டும். பருமனும் ஒத்திருக்க வேண்டும். ஃபுளோரைடுக்கும் ஹைட்ராக்சிலுக்கும் மின்னூட்டம் ஒன்றே. ஆரம் முன்னதற்கு 1.33, பின்னதற்கு 1.37 ஆங்ஸ்ட்ராம். ஆக்ஸைடு அயனி பருமனில் நெருங்கியதாயினும் இரண்டு மின்னூட்டம் உடையது. சோடியம் அயனி நேர் மின்னூட்டம் உடையது. நியானுக்கு மின்னூட்டமே இல்லை. ஆகவே இக்குடும்பத்தில் ஃபுளோரைடுக்கு ஈடாக நிற்கக்கூடியது ஹைட்ராக்சில் ஒன்றே. சோடியம் அயனியும் கால்சியம் அயனியும் எலெக்ட்ரான் எண்ணிக்கையில் வேறுபட்டும், பருமன் நெருங்கியிருப்பதால் சில பாறைக் கனிமங்களில் ஒன்றன் இடத்தை ஒன்று கொள்கின்றன என்பதை ஆசிரியர் சேர்த்துக் கூறினால், மாணவர் எண்ணிக்கையே யாவும் என்று மயங்கார்.

பாறையிலிருந்து நீருக்கு

கருங்கற்பாறைகளிலும் அவற்றையொத்த பிற பாறைகளிலும் காக்காப்பொன் எனப்படும் அப்பிரக வகைகள் பரந்து கிடக்கின்றன. அவற்றின் தகட்டமைப்பில் ஹைட்ராக்சிலுக்குரிய இடங்கள் உண்டு. பாறை உருவான காலத்தில் அவ்விடங்களுள் ஒரு பகுதியை ஃபுளோரைடு பிடித்துக் கொண்டது. ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய கனிமங்களிலும் இவ்வாறே. இவையன்றிக் கால்சியம் ஃபுளோரைடாகிய ஃபுளோரைட் கனிமமும் சில இடங்களில் உண்டு.

மழைநீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும்போது காரத்தன்மை பெறுகிறது. அதாவது அதில் ஹைட்ராக்சில் அயனிகள் மிகுகின்றன. அவை கனிமத்தினுள் புகுந்து தம் இடத்தைத் திரும்பப் பெறுகின்றன. ஃபுளோரைடு வெளியேறி நீரில் கலக்கிறது. அந்நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் ஃபுளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் அளவே கரையக்கூடியது. ஆனால் சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில் கால்சியம் சுண்ணாம்பாக வெளிப்பட்டுவிடுவதால் அக்காப்பு இல்லாது போகிறது. எனவே ஃபுளோரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்ததாய், கார இயல்புடையதாய் இருக்கும். தெளிவாயும், மணமின்றியும், பருகுவதற்கு உகந்தது போன்றும் அது தோன்றும். ஊரார் நல்ல நீர் என்று தேடிச் செல்வதும் சில இடங்களில் அதனையே. கண்ணையும் நாவையும் நம்பி ஒரு கிணற்றை நல்லது என்று எழுதிவிடுதல் ஆகாது.

இந்தியாவில் இந்நோய் 1937-இல் மருத்துவ இதழ்களில் முறையாக விவரிக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதனை ஆராய்ந்தனர். முதுகெலும்பு வளைந்து, மூட்டுகள் இறுகி, நடக்க இயலாது கிடந்தோரை அவர்கள் அங்குக் கண்டனர். நெல்லூரின் கூடூர்ப் பகுதி அப்பிரகச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. பின்னர் நல்கொண்டா, இராஜஸ்தானத்தின் பல மாவட்டங்கள், குஜராத், தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய இடங்களிலும் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் கண்டறியப்பட்டது.

எலும்பினுள்

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது அபடைட் வகையைச் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட் படிகம். அதில் கால்சியம் அயனிகள் மும்மூன்றாக முக்கோண வடிவில் ஒன்றன்மேல் ஒன்று அமைந்து ஒரு நீண்ட குழல் போன்ற இடத்தை உண்டாக்குகின்றன. ஹைட்ராக்சில் அயனிகள் அக்குழலில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஹைட்ராக்சிலுக்கு ஒரு பக்கம் ஹைட்ரஜன் துருத்தி நிற்பதால், அது முக்கோணத்தின் நடுவே சரியாக அமையாது சிறிது மேலோ கீழோ தள்ளி நிற்கும். எல்லாப் பக்கமும் ஒரே வடிவான ஃபுளோரைடு நடுவே சரியாகப் பொருந்துகிறது. தனக்கென ஏற்படாத இருக்கையில், உரியவனைக் காட்டிலும் வந்தவன் நன்கு அமர்ந்துவிடுகிறான்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. ஃபுளோரைடு புகுந்த பற்படிகம் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. வாயில் அமிலம் ஊறி பி.எச். எண் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் சாதாரணப் பற்படிகம் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு அபடைட்டோ 4.5 அளவு வரை தாங்கும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது இது கருதியே.

அளவு மிகுந்தால் நிலை மாறுகிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிக் கொண்டிருக்கும் காலத்தில், மிகுதியான ஃபுளோரைடு பற்சிப்பியை உண்டாக்கும் உயிரணுக்களின் வேலையைக் குலைக்கிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளோடு முளைத்துப் பின்னர் பழுப்பு வரிகள் ஏறுகின்றன. இது மேலே படிந்த கறையன்று. பல்லின் அமைப்பிலேயே உள்ள குறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் துலக்காத பிள்ளைகள் என்று வகுப்பில் இவர்களைக் கண்டிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது கைவிடத்தக்கது. ஒரே கிணற்று நீரைப் பருகும் பல பிள்ளைகளின் முன்பற்களில் இவ்வரிகளைக் காணும் ஆசிரியர், அந்நீரைச் சோதிக்கச் செய்வதே முறை.

பெரியவர்கள் உட்கொள்ளும் ஃபுளோரைடில் ஏறத்தாழ ஒரு பாதி சிறுநீரில் வெளியேற, எஞ்சியது எலும்பில் தங்குகிறது. வளரும் குழந்தைகளிடம் தங்கும் பங்கு இன்னும் மிகுதி. ஆண்டுகள் செல்ல எலும்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் வழக்கத்தினும் அடர்ந்து தோன்றும். ஆனால் வலிமை மிகுவதில்லை. தசைநார்களும் மூட்டுப் பிணைப்புகளும் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும் மெதுவான போக்கில்தான் உள்ளே புகுந்த ஃபுளோரைடு வெளிவர முடியுமாதலால், இதற்கு விரைவான மருந்து இல்லை. உணவில் கால்சியம் குறைந்தோரை இந்நோய் மேலும் வருத்துகிறது. நடுவண் அரசு 2008-09-ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய அளவில் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

அளக்கும்போது

குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஃபுளோரைடு. வேறு நீர் கிடைக்காத இடத்து 1.5 மில்லிகிராம் வரை ஒப்புக் கொள்ளப்படுகிறது. ஊர்ப்புறச் சோதனைப் பெட்டிகளில் ஸிர்கோனியம் சேர்ந்த சாயக் கரைசல் ஒன்று இருக்கும். ஃபுளோரைடு ஸிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பறித்துக் கொள்வதால், அதன் மிகுதிக்கேற்ப நிறம் மாறும். அந்நிற மாற்றத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவு காணலாம்.

ஆய்வுக்கூடங்களில் பயன்படும் ஃபுளோரைடு மின்முனை 1966-இல் ஃப்ரான்ட், ராஸ் என்னும் இருவரால் அறிவிக்கப்பட்டது. அதன் முகப்பில் லாந்தனம் ஃபுளோரைடுப் படிகம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். நீரிலுள்ள குளோரைடு, நைட்ரேட், சல்பேட் முதலிய அயனிகள் எதனையும் அப்படிகம் பொருட்படுத்துவதில்லை. அது ஏமாறுவது ஒன்றே ஒன்றிடம்: ஹைட்ராக்சில். மின்னூட்டமும் பருமனும் ஒத்த அந்த அயனியை அது ஃபுளோரைடு என்றே கொண்டுவிடுகிறது. ஆகவே கார நீரை அப்படியே அளந்தால் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். அளப்பதற்கு முன் நீர்மாதிரியுடன் தாங்கற்கரைசல் ஒன்றைச் சேர்த்து பி.எச். எண்ணை 5.0-க்கும் 5.5-க்கும் இடையே நிறுத்தச் சொல்வது இதனாலேயே. அதற்கு மிகவும் கீழே இறக்கினாலும் பிழை நேரும். ஃபுளோரைடு ஹைட்ரஜனுடன் சேர்ந்து மறைந்துகொள்ளும். கரைசல் தீர்ந்துவிட்டது என்று சேர்க்காமல் அளந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதைவிட, அந்நாள் அளக்காமல் விடுவதே மேல்.

நீக்கும் முறைகள்

நீரைக் கொதிக்க வைப்பதனால் ஃபுளோரைடு நீங்குவதில்லை. நீர் ஆவியாகக் குறைவதால் எஞ்சிய நீரில் அது சற்று மிகவே செய்யும். இதனை மக்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். நோய்க்கிருமிகளைப் போக்கக் கொதிக்க வைக்கச் சொன்ன அறிவுரையே இதற்கும் மருந்து என்று பலர் எண்ணுகின்றனர்.

இயன்ற இடத்தில் சிறந்த வழி, ஆற்றுநீரைப் போன்ற வேறு நீரைக் கொண்டுவந்து தருதல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் தரும் திட்டம் 2013-இல் செயற்பட்டது இந்நோக்கத்துடனேயே. அது இயலாத ஊர்களில் ஃபுளோரைடை நீரிலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கும் உதவுவது அதே பத்து எலெக்ட்ரான் குடும்பத்தைச் சேர்ந்த அலுமினியம். மூன்று நேர் மின்னூட்டமும் மிகச் சிறிய ஆரமும் உடைய அலுமினிய அயனி, ஃபுளோரைடையும் ஹைட்ராக்சிலையும் வலிமையாகப் பற்றக்கூடியது.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வகுத்த முறை நல்கொண்டா முறை எனப்படும். ஃபுளோரைடு மிகுந்த நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டு, கிருமி நீங்க பிளீச்சிங் பவுடரும் சேர்த்துக் கலக்க வேண்டும். அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோல் திரண்டு படியும். அதன் ஹைட்ராக்சில் இடங்கள் சிலவற்றில் ஃபுளோரைடு ஏறிக்கொண்டு உடன் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துக் கொள்ளலாம். படிகாரத்தின் அளவு ஃபுளோரைடை மட்டுமன்றி நீரின் காரத்தன்மையையும் பொறுத்தது. ஆதலின் ஓர் ஊருக்கு வகுத்த அளவை மற்றோர் ஊருக்கு எடுத்தாளலாகாது. வடித்த நீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் எஞ்சியிருத்தல் கூடாது. இன்னொரு செய்தியும் உண்டு. எஞ்சிய அலுமினியம் ஃபுளோரைடைப் பற்றி வைத்துக்கொள்வதால், இந்நீரைச் சாயக் கரைசலால் சோதித்தால் ஃபுளோரைடு உண்மையினும் குறைவாகத் தோன்றும். முறை நன்கு வேலை செய்கிறது என்று பணியாளர் மகிழ்ந்திருக்க, மக்கள் பருகும் நீரில் ஃபுளோரைடு குறையாதிருக்கக் கூடும். சுத்திகரித்த நீரை அவ்வப்போது மின்முனை உள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிச் சரிபார்த்தல் இன்றியமையாதது. அங்குச் சேர்க்கும் தாங்கற்கரைசலில் அலுமினியத்தைப் பிரித்து விலக்கும் பொருளும் அடங்கியிருக்கும்.

மற்றொரு முறை, அலுமினிய ஆக்ஸைடைத் தக்கவாறு சூடேற்றிச் செய்த, நுண்துளைகள் மிகுந்த வெண்மணிகளின் வழியே நீரை வடிய விடுதல். இம்மணிகளின் பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைந்துள்ளன. நீரிலுள்ள ஃபுளோரைடு அவற்றை வெளியேற்றித் தான் அமர்ந்துகொள்கிறது. பாறையில் நிகழ்ந்ததன் மறுதலை இது. நீர் மிகுந்த காரத்தன்மையுடையதாயின் ஹைட்ராக்சில் அயனிகள் போட்டியிடுவதால் மணிகள் விரைவில் சோர்ந்துவிடும். சிறிது அமில இயல்புள்ள நீரில் அவற்றின் திறன் மிகுதி.

இடங்கள் யாவும் நிரம்பியபின் மணிகளை எறிந்துவிட வேண்டுவதில்லை. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்தால், திரளாக வரும் ஹைட்ராக்சில் அயனிகள் ஃபுளோரைடை வெளியே தள்ளிவிட்டு மீண்டும் அமரும். பின்னர் நீர்த்த அமிலத்தால் எஞ்சிய காரத்தைப் போக்கி, நல்ல நீரில் கழுவி மணிகளை மறுபடியும் பயன்படுத்தலாம். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் புண்ணாக்குவதாதலால் இவ்வேலையை இல்லத்தாரிடம் விடாது, பயிற்சி பெற்றவரே கையுறையுடன் செய்ய வேண்டும். கழுவிய கரைசலில் பல நாட்கள் வடித்த ஃபுளோரைடு முழுவதும் திரண்டிருக்கும். கைப்பம்பின் மேடையிலேயே அதனைக் கொட்டிவிட்டால், மண்ணின் வழியே இறங்கி அதே குழாய்க்கிணற்றை அடையும். தனிக் கலத்தில் சேர்த்துச் சுண்ணாம்பு இட்டு வைத்தால் பெரும்பகுதி கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். அப்படிவை உலர்த்தி, நீர்நிலைகளுக்குத் தொலைவில், மாவட்ட ஆய்வுக்கூடம் குறிக்கும் இடத்தில் புதைக்கலாம்.